காதங்கி ரேடாரை ஒரு கோடி மடங்கு சுருக்கினால்: சிப்பின் மேல் ஒளியைத் திருப்பும் கலை

நகரியிலிருந்து புத்தூருக்குத் தினமும் பேருந்தில் போய் மின்னணுவியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் கங்கையம்மன் ஜாத்திரையில் லேசர் காட்சி வைத்தார்கள். பெட்டிக்குள் இரண்டு சிறு கண்ணாடிகள் ஆடித்தான் கற்றையைத் திருப்புகின்றன என்று ஆபரேட்டர் அண்ணன் திறந்து காட்டினார். இப்போது கண்ணாடியே இல்லாமல், எதுவும் அசையாமல், ஒரு சிப்பே ஒளியைத் திருப்பும் என்கிறார்களே, அது எப்படி? அகச்சிவப்பில் முன்பே செய்துவிட்டார்களாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும் ஏன் கடினம்? ஜாத்திரைப் பெட்டிக்குள் அது எப்போது வரும்?"

கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு வராது. ஏன் வராது என்பது முதல் இரண்டு கேள்விகளுக்குள் அடங்கியிருப்பதால் அவற்றை நிதானமாகப் பார்ப்போம். நான் சித்தூர்ப் பக்கத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தப் பாடத்துக்கு நான் எப்போதும் எடுக்கும் உதாரணம் நம் பக்கத்திலேயே, திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே, காதங்கியில் நிற்கிறது.

அங்குள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் பெரிய ரேடாரை நேரில் பார்க்கிறவர்களுக்கு முதலில் சற்று ஏமாற்றமாக இருக்கும். சுழலும் தட்டு எதுவும் கிடையாது. சென்னைத் தூர்தர்ஷனைப் பிடிப்பதற்காக ஒரு காலத்தில் நம் மாடிகளில் நின்ற மீன்முள் ஆண்டெனாக்களின் அண்ணன்களைப் போன்ற யாகி ஆண்டெனாக்கள், வானத்தைப் பார்த்தபடி, வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில், மொத்தம் 1024 இடங்களில், ஏறக்குறைய 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் நடப்பட்டிருக்கின்றன. ஒன்றுகூட அசைவதில்லை. ஆனாலும் அந்த ரேடாரின் கற்றை நேர் மேலே போகும். அடுத்த கணம் கிழக்கே 10 டிகிரி சாயும், பிறகு மேற்கே, வடக்கே, தெற்கே சாயும். அப்படித் திசை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் மேலே வீசும் காற்றின் வேகத்தை அது கணக்கிடுகிறது.

அசையாத ஆண்டெனாக்கள் கற்றையை எப்படிச் சாய்க்கின்றன? நடவு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பெண்கள் வரிசையாக நின்று, பின்னோக்கி நகர்ந்தபடி நாற்று நடுகிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்கினால் அவர்கள் நிற்கும் வரிசை வரப்புக்கு இணையாகவே நகரும். முதல் பெண் தொடங்கிச் சற்று நேரம் கழித்து இரண்டாமவர், அதே அளவு கழித்து மூன்றாமவர் என்று தொடங்கினால், வேகம் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தும் வரிசை சாய்வாகிவிடும். அலையிலும் இதேதான் நடக்கிறது. ஒவ்வொரு ஆண்டெனாவும் பக்கத்து ஆண்டெனாவைவிட ஒரே அளவு பிந்தி உமிழ்ந்தால், அலைமுகம் சாய்கிறது. அலைமுகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கற்றை போகிறது. இந்தப் பிந்தலைத்தான் கட்டம் என்ற சொல்லால் அளக்கிறோம். இப்படி அமைந்த ஆண்டெனாக் கூட்டத்துக்குக் கட்ட அணி என்று பெயர். காதங்கியில் ஆண்டெனாக்களுக்கு இடையே ஏறத்தாழ 4 மீட்டர் இருக்கிறது. 10 டிகிரி சாய்க்க ஒவ்வொன்றும் அடுத்ததைவிட சுமார் 70 சென்டிமீட்டர் தொலைவுக்குச் சமமாகப் பிந்த வேண்டும். இது புதிய தந்திரமும் அல்ல. ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்டு பிரவுன் 1905-இலேயே வானொலி அலையில் இதைச் செய்து காட்டினார்.

இனி சுருக்குவோம். காதங்கி ரேடார் இயங்குவது 53 மெகாஹெர்ட்ஸில். அதன் அலைநீளம் சுமார் 5.66 மீட்டர். அதை ஒரு கோடியால் வகுத்தால் 566 நானோமீட்டர் கிடைக்கும். அது மஞ்சளை ஒட்டிய பச்சை ஒளி! வயல் முழுவதையும் அதே கணக்கில் சுருக்கினால் 130 மீட்டர் 13 மைக்ரோமீட்டராகும்; ஒரு தலைமுடியின் குறுக்கே அப்படிப்பட்ட ஐந்து காதங்கிகளைப் பக்கம் பக்கமாக வைக்கலாம். ஆண்டெனாக்களின் இடைவெளி 400 நானோமீட்டர். 10 டிகிரிக்குத் தேவையான பிந்தல் 70 நானோமீட்டர். இயற்பியல் விதி ஒன்றுகூட மாறவில்லை. சிப் ஒளியைத் திருப்பும் விதம் என்ன என்ற முதல் கேள்விக்கு இதுவே முழுப் பதில்: ஒரு லேசரின் ஒளியை நுண்ணிய வழிகளில் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றையும் வேண்டிய அளவு பிந்தவைத்து, நெருக்கமாக அடுக்கிய உமிழிகளின் வழியே வெளியே விடுகிறார்கள், வெளியே வந்ததும் அவை ஒன்றுகூடி ஒரே கற்றையாகின்றன.

ஆனால் சுருக்கும்போது எல்லா அளவுகளும் சுருங்குகின்றன, கோணம் மட்டும் சுருங்குவதில்லை. அணியின் அகலம் அலைநீளத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதுதான் கற்றை எவ்வளவு விரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. காதங்கிக் கற்றை சுமார் 3 டிகிரி விரிவது. ஒரு கோடி மடங்கு சுருக்கிய பிறகும் அதே விரிவுதான். மேலே வீசும் காற்றை அளக்க அது போதும். லேசர் காட்சிக்கு? ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு மலைமுகட்டை நோக்கி 13 மைக்ரோமீட்டர் சிப்பிலிருந்து பச்சை ஒளியை அனுப்பினால், அங்கே போய்ச் சேரும்போது அது 200 மீட்டருக்கு மேல் பரவியிருக்கும். அணியின் அகலத்தை ஒரு மில்லிமீட்டராக்கினால் அதே இடத்தில் புள்ளி மூன்று மீட்டருக்குள் அடங்கும். ஒரு மில்லிமீட்டர் பெரிய அளவா என்று தோன்றலாம். 400 நானோமீட்டர் இடைவெளியில் ஒரு மில்லிமீட்டரை நிரப்ப ஒரு வரிசைக்கு 2500 உமிழிகள் வேண்டும்; சதுரமாக நிரப்பினால் 62 லட்சத்து 50 ஆயிரம். காதங்கியில் இருப்பவை 1024.

சரி, இடைவெளியைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைத்தால் என்ன? குறைக்கலாம், அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை என்ன என்பதை வீட்டிலேயே பார்த்துவிட முடியும் என்பதால் இங்கே சற்று நிற்கிறேன். பழைய சி.டி. ஒன்றையும் டி.வி.டி. ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சி.டி.யின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர், டி.வி.டி.யில் 0.74 மைக்ரோமீட்டர். தட்டைச் சுவருக்கு எதிரே ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தி, 532 நானோமீட்டர் பச்சை லேசர் பேனாவை நேராக அதன்மேல் அடியுங்கள். கற்றை தெறிக்கும் பக்கம் யாரும் முகத்தை வைக்கக் கூடாது. சி.டி.யில் நடுப்புள்ளிக்கு இருபுறமும் ஏறக்குறைய 35 சென்டிமீட்டரில் போலிப் புள்ளிகள் தெரியும். டி.வி.டி.யில் அவை ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் தள்ளிப் போயிருக்கும். புளூ-ரே தட்டு கிடைத்தால் இன்னும் நல்லது: அதன் தட இடைவெளி 0.32 மைக்ரோமீட்டர், அதாவது பச்சை ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவு. நேராக அடித்தால் போலிப் புள்ளியே வராது. கட்ட அணியிலும் இதே போலிகள்தான். உமிழிகளின் இடைவெளி அலைநீளத்தைவிடப் பெரிதானால் ஒரே கற்றைக்குப் பதில் பல கற்றைகள் கிளம்பி, லேசரின் சக்தியைப் பங்கு போட்டுக்கொள்ளும். எந்தத் திசைக்குத் திருப்பினாலும் போலியே வரக் கூடாது என்றால் இடைவெளி அலைநீளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது: பச்சைக்கு 266 நானோமீட்டர், 450 நானோமீட்டர் நீலத்துக்கு 225 நானோமீட்டர். தொலைத்தொடர்பில் புழங்கும் 1550 நானோமீட்டர் அகச்சிவப்புக்கோ 775 நானோமீட்டர் வரை சலுகை உண்டு.

இங்கேதான் இரண்டாவது கேள்வியின் உயிர்முடிச்சு இருக்கிறது. காதங்கியில் ஒவ்வொரு ஆண்டெனாவுக்கும் கேபிள் கீழே இருந்து வருகிறது. நான்கு மீட்டர் இடைவெளியில் விரல் தடிமன் கேபிளுக்கு இடப் பஞ்சமே இல்லை. சிப்பில் ஒளிக்குக் கேபிளாக இருப்பது அலைநடத்தி: சுற்றிலும் ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியின் வேகத்தை எத்தனை மடங்கு குறைக்கிறது என்ற அளவு) குறைந்த கண்ணாடி, நடுவில் எண் கூடிய ஒரு மெல்லிய பட்டை. ஒளியை அதன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய குழாய்க்குள் அடைக்க முடியாது. அடைத்தால் பட்டைக்கு வெளியே வழிந்து பக்கத்து நடத்திக்குத் தாவிவிடும். அகச்சிவப்பில் வேலை செய்கிறவர்களுக்குச் சிலிக்கான் கிடைத்தது. அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 3.5, சுற்றியுள்ள கண்ணாடிக்கு 1.45. அந்தப் பெரிய வித்தியாசத்தால் ஒளி இறுகப் பிடிபடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குச் சிலிக்கான் ஆகாது. சுமார் 1100 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களை அது விழுங்கிவிடும். சோலார் பலகைக்கு எது வரமோ, அது இங்கே சாபம். ஆகவே சிலிக்கான் நைட்ரைடுக்குப் போகிறார்கள். அது ஊதா எல்லை வரை ஒளியை விடும். சிலிக்கான் சிப் செய்யும் அதே தொழிற்சாலைகளில் அதே கருவிகளால் செய்யவும் முடியும். ஆனால் அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2 மட்டுமே. பிடி தளர்ந்துவிடுகிறது. பச்சை ஒளிக்கான நைட்ரைடு நடத்தியே முந்நூறு, நானூறு நானோமீட்டர் அகலம் வேண்டும். நமக்கு வேண்டிய இடைவெளியோ 266. ஓர் அடி அகல வரப்பில் இரண்டு அடி அகல வண்டியை ஓட்டச் சொல்வது போன்ற நிலைமை இது.

ஆராய்ச்சியாளர்கள் இதைச் சுற்றிப் போகும் வழிகள் சில உண்டு. நடத்திகளைத் தூரத்தில் விரித்து ஓட்டி, உமிழும் இடத்தில் மட்டும் நெருக்கலாம். பக்கத்துப் பக்கத்து நடத்திகளுக்கு வேறு வேறு அகலம் கொடுத்தால் அவற்றில் ஒளியின் வேகம் மாறுபட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது குறையும். இடைவெளிகளை வேண்டுமென்றே ஒழுங்கற்றதாக அமைத்தால் போலிக் கற்றைகள் ஓரிடத்தில் குவியாமல் எங்கும் மங்கலாகச் சிதறிவிடும். இல்லையேல் போலி வரட்டும் என்று விட்டுவிட்டு, குறுகிய கோணத்துக்குள் மட்டும் திருப்பலாம். இரண்டு மைக்ரோமீட்டர் இடைவெளியில் பச்சை ஒளியை இருபுறமும் ஏழரை டிகிரி வரை குழப்பமின்றித் திருப்பலாம். என் கணிப்பில், பல பயன்பாடுகளுக்கு இந்தக் கடைசி வழியே போதும். அகலக் கோணத்துக்காகப் படும் பாட்டில் ஒரு பகுதி, சாதனைக் கணக்கில் இடம்பிடிக்கத்தான்.

பிந்தவைப்பது அடுத்த சிக்கல். பெரும்பாலும் செய்வது வெப்பத்தால்: நடத்தியின் மேல் ஒரு மெல்லிய உலோகக் கம்பியைப் படியவைத்து மின்சாரம் பாய்ச்சினால், சூடேறிய இடத்தில் ஒளிவிலகல் எண் சற்று மாறும். ஒரு டிகிரிக்கு நைட்ரைடில் வரும் மாற்றம் சிலிக்கானில் வருவதில் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் இங்கே பச்சை ஒளியின் குறுகிய அலைநீளம் நமக்கு உதவிக்கு வருகிறது. அரை அலை பிந்த 775 நானோமீட்டர் வேண்டாம், 266 போதும். கணக்குப் போட்டால், அரை மில்லிமீட்டர் நீள நைட்ரைடு நடத்தியை ஏறக்குறைய 21 டிகிரி சூடாக்கினால் பச்சை ஒளி அரை அலை பிந்துகிறது. சிலிக்கானில் 1550 நானோமீட்டருக்கு 9 டிகிரி போதும். ஆக, ஏழு மடங்கு நட்டம் இரண்டரை மடங்காகக் குறைகிறது. ஒவ்வொரு சூடேற்றிக்கும் 30 மில்லிவாட் என்று வைத்துக்கொண்டாலும் 1024-க்கு முப்பது வாட் ஆகிறது. நம் மேசையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிடக் கூடுதலான சூட்டை நகக்கண் அளவு சிப்பின் மேல் வைத்தால், ஒரு சூடேற்றியின் வெப்பம் பக்கத்து நடத்திக்கும் பரவி, எல்லாக் கட்டங்களும் கலங்கிப் போகும். அதனால்தான் நடத்தியின் அடியில் உள்ள பகுதியை அரித்தெடுத்து அந்தரத்தில் தொங்கவிட்டுச் சூட்டைச் சேமிக்கிறார்கள். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெலெனா நோட்டரோஸின் குழு, தொலைக்காட்சித் திரைகளில் இருக்கும் திரவப் படிகத்தையே நடத்தியின் மேல் ஊற்றி, மின்னழுத்தத்தால் கட்டத்தை மாற்றுகிறது. மின்செலவு மிகக் குறைவு, வேகம் மட்டும் மந்தம். ஜெர்மனியின் ஹாலே நகரில் ஜாய்ஸ் பூனின் குழு, ஒளி வெளிவரும் முனையை ஒரு நுண்ணிய நாக்கைப்போல் செய்து வளைத்துக் காட்டியது. தம்பி கேட்ட "எதுவும் அசையாமல்" என்ற நிபந்தனையில் அது தோற்றுவிடும். ஆனால் நல்ல வேலை.

மூன்றாவது சிக்கலைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள்; எனக்கு அதுதான் மிகவும் தொல்லையானதாகத் தெரிகிறது. காதங்கியில் கேபிள் ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் 5.66 மீட்டர் அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிப்பில், ஒரு நடத்தியின் அகலம் ஓரிரு நானோமீட்டர் மாறி அதன் பயனுறு ஒளிவிலகல் எண் (உள்ளே ஓடும் ஒளி மொத்தத்தில் உணரும் எண்) ஆயிரத்தில் ஒரு அலகு, அதாவது 0.001 மட்டும் மாறியது என்று வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் ஓடி முடிப்பதற்குள் பச்சை ஒளி கிட்டத்தட்ட இரண்டு முழு அலைகள் தவறிப் போயிருக்கும். நாம் வேண்டியது 70 நானோமீட்டர் பிந்தல். வந்து சேர்வதோ ஆயிரம் நானோமீட்டர் பிழை. ஆகவே செய்து முடித்த சிப் பெரும்பாலும் முதல் நாளே சுத்தமான கற்றையை உமிழாது. ஒழுங்கற்ற புள்ளிக் கோலம்தான் வரும். எதிரே ஒரு கேமராவை வைத்து, ஒவ்வொரு சூடேற்றியையும் சிறிது சிறிதாக மாற்றி, நடுப்புள்ளி பிரகாசமாகும் வரை திருத்திக்கொண்டே போக வேண்டும். வீணையின் ஒவ்வொரு தந்தியையும் சுருதி கூட்டுவது போல ஆயிரம் தந்திகளுக்கு, ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாக. நடத்தியின் பக்கச் சுவர்களில் உள்ள சொரசொரப்பால் ஒளி சிதறுவதும் குறுகிய அலைநீளத்தில் கூடுகிறது. வானத்தை நீலமாக்கும் விதியின்படி பார்த்தால், நுண்துகள்கள் 1550 நானோமீட்டரைச் சிதறடிப்பதைவிடப் பச்சையை எழுபது மடங்குக்கு மேல் சிதறடிக்கும்.

இடவலம் போக, மேல்கீழாகத் திருப்பும் இரண்டாவது அச்சு பற்றியும் ஒரு சொல். அகச்சிவப்பில் பலர் ஒரு குறுக்குவழியைக் கையாளுகிறார்கள்: ஓர் அச்சில் கட்டத்தால் திருப்பிவிட்டு, மற்ற அச்சில் லேசரின் அலைநீளத்தையே மாற்றித் திருப்புகிறார்கள். உமிழி ஒரு நுண் கீற்றணியாக, அதாவது சி.டி. தடங்களைப்போல் நெருங்கிய கோடுகளின் வரிசையாக, இருப்பதால் அலைநீளம் மாறினால் வெளிவரும் கோணமும் மாறும். 1550-ஐ 1600 ஆக்கினால் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? பச்சையை அப்படி மாற்றிக்கொண்டே போனால் மஞ்சளாகிவிடும். அம்மனின் பச்சைப் புடவை கற்றை மேலே போகப் போக நிறம் மாறினால், பூசாரி முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

இத்தனை இருந்தும் வேலை நின்றுவிடவில்லை. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் வாட்ஸின் குழு 2013-இல் 1550 நானோமீட்டரில் 64-க்கு 64, அதாவது 4096 உமிழிகள் கொண்ட அணியைச் செய்து காட்டியது. ஆனால் அதில் கட்டங்கள் உருவாக்கும்போதே நிலைப்படுத்தப்பட்டவை, இயக்கத்தில் மாற்றிக் காட்டியது 8-க்கு 8 அணியில்தான். 2017-இல் அதே நிறுவனத்தில் நைட்ரைடு அணி 635 நானோமீட்டர் சிவப்பில் இயங்கியது. 2020-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மிகல் லிப்சனின் குழு 488 நானோமீட்டர் நீலத்துக்கு வந்தது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பு, சிவப்பிலிருந்து நீலம் என்று படிப்படியாக இறங்கி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் மேலே சொன்ன எல்லாச் சிக்கல்களும் சேர்ந்தே முற்றுகின்றன.

எங்கே முதலில் பயன்படும்? வாகனங்களில் தொலைவு அளக்கும் லேசருக்கு இது வரும் என்று நான் நினைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கண்ணின் வில்லை விழித்திரையில் ஒரே புள்ளியாகக் குவித்துவிடும். அதனால் ஒரு மில்லிவாட்டுக்கு மேல் போனாலே பாதுகாப்பு விதிகள் இறுகும். 1550 நானோமீட்டரைக் கண்ணின் முன்பகுதியிலுள்ள நீரே உறிஞ்சிவிடுவதால் அங்கே சக்தியைக் கூட்ட முடியும். நீர் உறிஞ்சும் அதே குணம் கடலுக்கடியில் எதிராகத் திரும்புகிறது: தெளிந்த கடல்நீரில் தூரம் போவது நீலமும் பச்சையும்தான், எனவே அங்கே இந்தச் சிப்புக்கு உண்மையான தேவை இருக்கிறது. நீல ஒளிக்கு விழிக்கும்படி மாற்றிய நரம்பணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும் மூளை ஆய்வு, மின்புலத்தால் பிடித்து நிறுத்திய அயனிகளின் மேல் ஒளி பாய்ச்சும் குவாண்டம் கணினி ஆய்வு, கண்ணுக்கு மிக அருகே அணியும் காட்சிக் கண்ணாடி ஆகியவையும் அப்படியே. இவை எல்லாவற்றிலும் தூரம் குறைவு, வேண்டிய சக்தி குறைவு, கோணமும் பெரும்பாலும் குறைவு. சிப்புக்கு ஏற்ற களம் அதுதான். 2024-இல் நோட்டரோஸின் குழு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, சிப்பிலிருந்து வரும் ஒளியால் பிசினை இறுகவைத்து உருவம் செய்யும் முப்பரிமாண அச்சுக்கு ஒரு மாதிரியைக் காட்டியதும் இந்த வகைதான்.

ஜாத்திரைப் பெட்டிக்கு வருவோம். ஆபரேட்டர் அண்ணனின் லேசர் சில வாட் சக்தி கொண்டது. அவருடைய இரண்டு கண்ணாடிகள் அதில் மிகப் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. நொடிக்கு முப்பதாயிரம் புள்ளிகள் வரை வரைகின்றன. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பாகுபாடில்லாமல் ஒரே கோணத்தில் திருப்புகின்றன. சிப்பிலோ லேசரை உள்ளே நுழைக்கும்போது ஒரு பங்கு போகும், நடத்தியில் ஒரு பங்கு சிதறும், உமிழியில் ஒரு பங்கு மேலே போகாமல் கீழே போகும், மிச்சத்தில் போலிக் கற்றைகள் தங்கள் பங்கைக் கேட்கும். போதாததற்கு மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாகச் சுருதி கூட்ட வேண்டும். அந்தக் கண்ணாடிகளில் தூசி படிந்தால் ஊதித் துடைத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்பதையும் அவர் சொல்லியிருப்பார்.